செய்மதி வழிகாட்டல் எப்படி வேலை செய்கிறது? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போனில் நீலப் புள்ளி பக்கத்து ஒழுங்கையில் நிற்கிறது, கட்டுநாயக்காவில் இறங்கியதும் வரைபடம் அசைய மறுக்கிறது, வாகனத்தில் பூட்டிய கருவி நடுக்கடலில் இடம் காட்டுகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் பெரும்பாலும் திருத்தவும் முடியும்.

என் போன் செய்மதியுடன் பேசுகிறதா? அதற்கு டேட்டா செலவாகுமா?

போன் கேட்கிறது, அவ்வளவுதான். செய்மதிக்கு அது எதையும் அனுப்புவதில்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது செய்மதிக்குத் தெரியவும் தெரியாது. சிம் இல்லாத போனிலும் இடம் கிடைக்கும். டேட்டா செலவாவது வரைபடத்தின் படங்களை இறக்கவும், நெரிசல் விவரம் பெறவும், உங்கள் இடத்தை வாடகை ஓட்டோச் செயலிக்கு அனுப்பவும்தான். யாழ்ப்பாணம் போகும் வழியில் சிக்னல் இல்லாத இடங்களுக்காக வரைபடத்தை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்தால், வழிகாட்டல் டேட்டா இல்லாமலே நடக்கும்.

பிறகு எப்படி இடம் தெரிகிறது?

நேரத்தை அளந்து. ஒவ்வொரு செய்மதியிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது. "நான் இன்ன செய்மதி, என் சுற்றுப்பாதை இது, இந்த அலை புறப்பட்ட நேரம் இது" என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அலை வந்து சேர எவ்வளவு நேரம் எடுத்தது என்று போன் கணக்கிட்டு, ஒளியின் வேகத்தால் பெருக்குகிறது. அந்த வேகம் செக்கனுக்கு 299,792,458 மீற்றர். கிடைப்பது அந்தச் செய்மதியிலிருந்து உங்கள் தூரம்.

அமெரிக்காவின் ஜி.பி.எஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. நேர் மேலே நிற்கும் செய்மதியின் அலை உங்களிடம் வர ஏறத்தாழ 67 மில்லிசெக்கன் ஆகும். அடிவானத்தை ஒட்டி நிற்பதன் அலைக்கு 86 மில்லிசெக்கன். அளவீட்டில் ஒரு மைக்ரோசெக்கன் பிசகினால் தூரத்தில் 300 மீற்றர் பிசகும். ஒரு நானோசெக்கன் என்றால் 30 சென்ரிமீற்றர். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாக விளங்கும்.

வந்து சேரும் அலையோ மிகமிக மெலிந்தது. ஒரு வாட்டை நூறு கோடிக் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்குதான் தரையில் கிடைக்கிறது. பின்னணி இரைச்சலை விட அது கீழே இருக்கிறது. ஆனாலும் போனால் பிடிக்க முடிகிறது, ஏனென்றால் ஒவ்வொரு செய்மதிக்கும் தனியான 1023 குறிகள் கொண்ட கோவை ஒன்று உண்டு. அது மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வருகிறது. போன் அதே கோவையைத் தன்னுள் உருவாக்கி, வரும் அலையின் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறது. இரண்டும் சரியாகப் பொருந்தும் கணத்தில் இரைச்சலுக்குள்ளிருந்து செய்மதி மேலெழுகிறது. எவ்வளவு நகர்த்த வேண்டியிருந்ததோ அதிலிருந்து பயண நேரம் கிடைக்கிறது.

மூன்று தூரம் தெரிந்தால் ஒரு புள்ளி கிடைக்குமே, ஏன் நான்கு செய்மதி வேண்டும் என்கிறார்கள்?

போனின் கடிகாரம் மலிவானது என்பதால். அதிலுள்ள குவார்ட்ஸ் துண்டு பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால்கூட, ஒவ்வொரு செக்கனும் 300 மீற்றர் பிழை சேர்ந்துகொண்டே போகும். எனவே அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் என்ற மூன்றோடு "என் கடிகாரம் எவ்வளவு தவறு?" என்பதும் நான்காவது விடுகதை. நான்கு தெரியாத எண்களுக்கு நான்கு சமன்பாடு வேண்டும். இதனால் ஒரு பக்கப் பயனும் உண்டு: இடம் பிடித்த எந்த மலிவான கருவியிடமும் அணுக்கடிகாரத்துக்கு நெருக்கமான நேரம் இருக்கும்.

செய்மதிக் கடிகாரத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. மேலே ஈர்ப்பு குறைவு என்பதால் அது நாளுக்குச் சுமார் 45 மைக்ரோசெக்கன் வேகமாக ஓடும். விரைந்து சுற்றுவதால் 7 மைக்ரோசெக்கன் பிந்தும். மிச்சம் 38 மைக்ரோசெக்கன். அப்படியே விட்டால் ஒரே நாளில் தூரக் கணக்கு 11 கிலோமீற்றர் அளவுக்குச் சிதறும். ஐன்ஸ்டைனின் இந்தக் கணக்கைத் தரையிலேயே போட்டு, கடிகாரத்தின் அதிர்வைச் சற்றுக் குறைத்து வைத்துத்தான் ஏவுகிறார்கள். எஞ்சும் சிறு பிசகுகளைத் தரை நிலையங்கள் கண்காணித்துத் திருத்தம் அனுப்புகின்றன. அந்த நிலையங்களில் ஒன்று நமக்குத் தென்மேற்கே, சுமார் 1800 கிலோமீற்றர் தூரத்தில், தியாகோ கார்சியா தீவில் இருக்கிறது.

ஜி.பி.எஸ் தவிர வேறு எவை கொழும்பில் கிடைக்கின்றன?

ரஷ்யாவின் குளோநாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகிய மூன்றும் உலகெங்கும் கிடைப்பவை. கடந்த சில ஆண்டுகளில் வந்த போன்கள் பெரும்பாலும் நான்கையும் சேர்த்தே கேட்கின்றன. காலிமுகத்திடலில் திறந்த வானத்தின் கீழ் நின்றால் முப்பதுக்கும் மேற்பட்ட செய்மதிகள் ஒரே நேரத்தில் தெரிவது சாதாரணம்.

இந்தியாவின் நாவிக் பிராந்திய அமைப்பு. இந்தியாவையும் அதன் எல்லைக்கு வெளியே சுமார் 1500 கிலோமீற்றர் வரையும் அது குறிவைக்கிறது. இலங்கை முழுவதும் அதற்குள் வரும். அதன் முதல் தலைமுறைச் செய்மதிகள் சிலவற்றில் அணுக்கடிகாரங்கள் பழுதடைந்தன. 2023 மே மாதம் ஏவப்பட்ட என்.வி.எஸ்-01 முதல், சாதாரணப் போன்களும் கேட்கும் எல்1 அலைவரிசையும் சேர்க்கப்பட்டது.

கொழும்பு பூமத்திய கோட்டிலிருந்து ஏழு பாகை தூரத்தில்தான் இருக்கிறது. ஆகவே புவிநிலைச் செய்மதிகள், அதாவது பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருப்பவை, இங்கே மிக உயரத்தில் தெரியும். கிழக்கு நெட்டாங்கு 83 பாகையில் நிற்கும் ஒன்று, நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 80 பாகை உயரத்தில் இருக்கும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே நிற்கும்போது இந்த உயரம் பெரிய கொடை.

போனை அணைத்து நாளாகி எடுத்தால், அல்லது விமானத்தில் வந்து இறங்கினால், இடம் பிடிக்க ஏன் இவ்வளவு நேரம்?

ஜி.பி.எஸ் செய்மதி தன் சுற்றுப்பாதை விவரத்தைச் செக்கனுக்கு வெறும் 50 பிட் வேகத்தில்தான் சொல்கிறது. ஒரு செய்மதியின் விவரம் முழுதாக வர 30 செக்கன் வேண்டும். நடுவில் ஒரு பஸ் மறைத்து ஒரு துண்டு தவறினால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். எல்லாச் செய்மதிகளின் தோராய அட்டவணை முழுதும் வர 12 நிமிடம் 30 செக்கன். பெற்ற விவரம் நான்கு மணி நேரம் அளவுக்குத்தான் செல்லும். அதற்குள் திரும்பத் திறந்தால் ஓரிரு செக்கனில் இடம் வரும். அதற்குப் பிறகு என்றால் மறுபடி கேட்க வேண்டும்.

போனில் டேட்டா இருந்தால் இதே விவரத்தை இணையம் வழியாக ஒரு நொடியில் இறக்கிக்கொள்கிறது. அதனால்தான் டேட்டா இருக்கும்போது வேகமாகவும் இல்லாதபோது ஆறுதலாகவும் பிடிக்கிறது. கட்டுநாயக்காவில் சிம் இன்னும் போடாத நிலையில் செய்ய வேண்டியது: முனையக் கட்டடத்தின் கூரையை விட்டு வெளியே வாருங்கள், வானம் தெரியும் இடத்தில் போனை இரண்டு நிமிடம் அசையாமல் பிடியுங்கள், பிறகு வாகனத்தில் ஏறுங்கள். ஓடும் வாகனத்துக்குள் முதல் இடத்தைப் பிடிக்கச் சொன்னால் மூன்று மடங்கு நேரமானாலும் ஆகும்.

வெள்ளவத்தையில் காலி வீதியில் நிற்கிறேன், போன் மரைன் டிரைவ் பக்கம் தள்ளிக் காட்டுகிறது. ஒழுங்கைக்குள் போனால் பக்கத்து ஒழுங்கையைக் காட்டுகிறது. போன் பழுதா?

போன் பழுதில்லை. கொழும்பில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பிழைக்கு ஒரு திசை இருக்கிறது என்பதைக் காட்டும் கேள்வியும் இதுதான்.

காலி வீதி ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. இரு பக்கமும் கட்டடங்கள் நெருக்கமாக எழுந்துவிட்டதால், வீதியில் நிற்பவருக்குக் கிழக்கு வானமும் மேற்கு வானமும் மறைந்து, வடக்கிலிருந்து தெற்கு வரை ஒரு கீற்று மட்டும் தெரியும். அந்தக் கீற்றிலுள்ள செய்மதிகள் நீங்கள் வீதி நெடுக எங்கே என்பதை நன்றாகச் சொல்லும். வீதிக்குக் குறுக்கே எங்கே என்பதைச் சொல்ல வேண்டிய செய்மதிகள் சுவருக்குப் பின்னால். ஆகவே புள்ளி வீதி நெடுக அவ்வளவாகப் பிசகாது. கிழக்கு மேற்காகத்தான் துள்ளும். கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலோ எல்லாம் தலைகீழ். அங்கே தெரியும் கீற்று கிழக்கு மேற்கு, பிழை வடக்குத் தெற்கு. ஒழுங்கைகள் நெருக்கமாக இருப்பதால் அந்தப் பிழை உங்களை நேரே அடுத்த ஒழுங்கைக்குள் கொண்டுபோய் விடுகிறது. சாப்பாடு கொண்டுவருபவர் பின்னொழுங்கையில் நின்று அழைப்பதன் காரணம் இதுவே.

இதோடு எதிரொலிப்பும் சேர்கிறது. மறைந்த செய்மதியின் அலை எதிர்ப்பக்கக் கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி உங்களிடம் வரலாம். அந்தச் சுவர் உங்களிடமிருந்து 30 மீற்றர் தள்ளி இருந்தால் அலை 60 மீற்றர் வரை கூடுதலாகப் பயணித்திருக்கும். போனுக்கு அது தெரியாது. செய்மதி அவ்வளவு தூரம் தள்ளி இருப்பதாகவே எடுத்துக்கொண்டு, புள்ளியை எதிர்த்திசையில் தள்ளுகிறது. கோட்டையில் உலக வர்த்தக மையத்தைச் சுற்றியும், கொள்ளுப்பிட்டியில் புதிய கண்ணாடிக் கோபுரங்களின் அடியிலும் இது கடுமை.

செய்யக்கூடியவை சில. எல்1 உடன் எல்5 அலைவரிசையையும் கேட்கும் போன் நல்ல வித்தியாசம் தரும். எல்5 குறியின் நீளம் சுமார் 29 மீற்றர், எல்1 குறியினுடையது 293 மீற்றர். குறி குறுகக் குறுக, நேராக வந்த அலையையும் சுவரில் பட்டு வந்ததையும் பிரித்தறிவது எளிது. இந்த வசதியோடு வந்த முதல் போன் 2018இல் வெளியானது. வாங்குமுன் விவரப் பட்டியலில் எல்5 இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, போனில் வைஃபையை அணைக்காமல் விடுவது. எந்த வலையமைப்புடனும் இணையாவிட்டாலும், சுற்றியுள்ள ரவுட்டர்களின் அடையாளத்தை வைத்துப் போன் தன்னைத் திருத்திக்கொள்ளும். வெள்ளவத்தையில் ரவுட்டருக்குப் பஞ்சமில்லை. ஓட்டோ அழைப்பதென்றால் சந்திக்கு வந்து, நான்கு பக்கமும் வானம் திறக்கும் இடத்தில் அரை நிமிடம் நின்று அழையுங்கள். தொடர்மாடியின் உள்ளிருந்து அழைத்தால் நீலப் புள்ளியை நம்பாமல் ஊசியை விரலால் இழுத்து வாசல் கதவில் வையுங்கள்.

நீலப் புள்ளியைச் சுற்றி வரும் வட்டம் என்ன?

போன் தன் பிழையைத் தானே மதிப்பிட்டுக் காட்டுவது. அண்ட்ரொய்டில் அதன் பொருள், நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்பது. மூன்றில் ஒரு தடவை வெளியே இருப்பீர்கள் என்றும் அதையே வாசிக்கலாம். திறந்த வானத்தின் கீழ் சாதாரணப் போனின் பிழை ஏறத்தாழ 5 மீற்றர். சுவர் எதிரொலிப்பைப் போன் அறியாததால், நெருக்கமான வீதிகளில் இந்த வட்டம் உண்மையை விடச் சின்னதாகவே வரும்.

இதை விட நேரான சோதனை, ஜிபிஎஸ்டெஸ்ட் போன்ற செயலியைப் போட்டு ஒவ்வொரு செய்மதியின் அலைவலுவையும் பார்ப்பது. வெளியில் நின்றால் பல செய்மதிகள் 35 முதல் 45 வரை காட்ட வேண்டும். திறந்த வெளியிலும் எல்லாமே 25க்குக் கீழ் என்றால் போனின் அன்ரனாவிலோ, உலோகத் தகடு பதித்த உறையிலோ பிரச்சினை. காரில் போனைக் காந்தத்தால் ஒட்ட வைப்பதற்கான தகடும் அதில் சேரும்.

மழை, இடி நேரத்தில் சரியாக வேலை செய்யுமா? டிஷ் ரீவி நின்றுவிடுகிறதே.

டிஷ் ரீவியின் அலை 10 ஜிகாஹேர்ட்ஸுக்கு மேல். அந்த அலைநீளத்தை மழைத்துளி விழுங்கிவிடும். வழிகாட்டல் அலை 1.2 முதல் 1.6 ஜிகாஹேர்ட்ஸ், அதற்கு மழை ஒரு பொருட்டே அல்ல. நனைந்த மர இலைகள் மட்டும் அலையைக் குறைக்கும். கறுவாத்தோட்டத்தின் பெரிய மரங்களின் கீழ் மழைக்குப் பின் பிடிப்பு மந்தமாவது அதனால்.

மாலையில் சில நாட்கள் புள்ளி காரணமில்லாமல் அலைகிறது. உண்மையா?

உண்மை, காரணமும் உண்டு. புவியின் காந்த மத்தியகோடு இலங்கையின் வட பகுதிக்கு அருகே செல்கிறது. இந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பின் அயனமண்டலத்தில், அதாவது மேல் வளிமண்டலத்தின் மின்துகள் நிறைந்த அடுக்கில், மின்துகள் குறைந்த குமிழ்கள் எழும்பும். அவற்றினூடே வரும் அலை நடுங்கும், சில செய்மதிகள் நொடிக்கணக்கில் காணாமல் போகும். இரவு எட்டு மணியிலிருந்து நள்ளிரவு வரை, மார்ச் ஏப்ரலிலும் செப்டெம்பர் ஒக்டோபரிலும், சூரியச் செயற்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இது அதிகம். 2024 அப்படியோர் உச்ச ஆண்டு.

பகலில் வேறு விதம். பிற்பகலில் அயனமண்டலம் தடித்து அலையைத் தாமதிக்கிறது. உச்ச ஆண்டுகளில் இந்தத் தாமதம் 10 மீற்றரைத் தாண்டும். ஜி.பி.எஸ் அனுப்பும் எட்டு எண்கள் கொண்ட திருத்தச் சூத்திரம் அதில் பாதியளவைத்தான் நீக்கும். இரு அலைவரிசை கேட்கும் கருவி, இரண்டுக்கும் உள்ள தாமத வேறுபாட்டிலிருந்து கிட்டத்தட்ட முழுவதையும் தானே நீக்கிவிடும். சென்ரிமீற்றர் துல்லியத்தில் அளப்பவர்கள் வேலையைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது. ஓட்டோ பிடிப்பவர் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

காலிமுகத்திடலில் நிற்கிறேன், உயரம் −90 மீற்றருக்கும் கீழே காட்டுகிறது. கடலுக்கு அடியிலா நிற்கிறேன்?

கருவி சரியாகத்தான் சொல்கிறது, எதிலிருந்து அளக்கிறது என்பதுதான் வேறு. செய்மதிக் கணக்கு, புவியை வழுவழுப்பான ஒரு நீள்கோளமாக எடுத்துக்கொண்டு அதிலிருந்து உயரத்தைச் சொல்கிறது. உண்மைக் கடல்மட்டமோ ஈர்ப்பு எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதற்கேற்ப மேடும் பள்ளமுமானது. உலகிலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. அங்கே கடல்மட்டம் நீள்கோளத்தை விடச் சுமார் 106 மீற்றர் தாழ்வு. கொழும்பு அந்தப் பள்ளத்தின் சரிவில் இருப்பதால் இங்கும் வேறுபாடு 100 மீற்றருக்கு நெருக்கம்.

ஐரோப்பாவில் உள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு சில பத்து மீற்றர் மட்டுமே, அதனால் அங்கே எழுதப்படும் பல செயலிகள் இதைக் கவனிப்பதில்லை. ஐபோன் திருத்திய கடல்மட்ட உயரத்தைத் தருகிறது. அண்ட்ரொய்டின் அடிப்படை உயர எண் திருத்தாதது. செயலி தானாகத் திருத்தினால்தான் உண்டு. ஒரே இடத்தில் இரண்டு போன் நூறு மீற்றர் வித்தியாசமாகக் காட்டினால் காரணம் இது. மலையேறுபவர்கள் புறப்படுமுன் கடற்கரையில் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் தங்கள் செயலி எந்த வகை என்று தெரிந்துவிடும். மற்றபடி, செய்மதிகள் எல்லாம் மேலே மட்டும் இருப்பதால் உயரத்தின் பிழை கிடைத்தளப் பிழையைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கும்.

வாகனத்தில் பூட்டிய ட்ராக்கர் வண்டியைக் கடலுக்குள் காட்டுகிறது.

எப்போதும் ஒரே மாதிரி, களுத்துறைக்கு மேற்கே நடுக்கடலில் காட்டினால் கருவியில் பிழையில்லை, எண்ணை வாசிப்பதில் பிழை. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் பாகையையும் கலையையும் (பாகையில் 60இல் ஒரு பங்கு) ஒட்டி எழுதுகின்றன. கொழும்பின் அகலாங்கு 0655.626 என்று வரும். அதன் பொருள் 6 பாகை 55.626 கலை. கலையை 60ஆல் வகுத்தால் 6.9271. அப்படி வகுக்காமல் புள்ளியை மட்டும் நகர்த்தி 6.55626 என்று போட்டால் 41 கிலோமீற்றர் தெற்கே போய்விடும். நெட்டாங்கு 07951.672ஐயும் அதேபோல 79.51672 ஆக்கினால் 38 கிலோமீற்றர் மேற்கே. இரண்டும் சேர்ந்தால் நடுக்கடல். வரைபடத்தில் வண்டி ஆர்க்டிக் சமுத்திரத்தில் இருந்தால் அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறியிருக்கின்றன.

நேரம் ஐந்தரை மணி பிந்தியிருந்தால் கருவி உலகப் பொது நேரத்தை அனுப்புகிறது, சேவையகத்தில் இலங்கை நேரத்துக்கு மாற்றவில்லை. ஐந்தரை மணி முந்தியிருந்தால் கருவியிலும் கூட்டி, சேவையகத்திலும் இரண்டாம் முறை கூட்டியிருக்கிறார்கள்.

ட்ராக்கரை எங்கே பூட்டுவது? இடம் நகராமல் நின்றால் எதைப் பார்ப்பது?

உள்ளே 25 மில்லிமீற்றர் சதுரத்தில் ஒரு பீங்கான் அன்ரனா இருக்கும். அதன் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். டாஷ்போட்டின் பிளாஸ்டிக்கின் கீழ், முன்கண்ணாடிக்கு அருகில் பூட்டுவது நல்ல இடம். பிளாஸ்டிக், சாதாரணக் கண்ணாடி, துணி தடையில்லை. ஒரு மெல்லிய உலோகத் தகடு போதும், எல்லாம் அடைபட்டுவிடும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சுள்ள படலம் ஒட்டிய கண்ணாடியும் அலையைக் கடுமையாகக் குறைக்கும். தனி அன்ரனா என்றால் வயரைக் கூர்மையாக மடிக்கவோ கதவு இடுக்கில் நசுக்கவோ கூடாது; அந்த வயர் வழியாகவே அன்ரனாவுக்கு 3 முதல் 5 வோல்ட் போகிறது. மூடியைப் பூட்டுமுன் வண்டியைத் திறந்த வெளியில் 15 நிமிடம் நிறுத்தி, எட்டுக்கும் மேற்பட்ட செய்மதிகள் பிடிபடுகின்றனவா என்று பாருங்கள்.

இடம் நின்றுவிட்டால் முதலில் கடைசிப் பதிவின் நேரத்தைப் பாருங்கள். நேரமும் பழையது என்றால் செய்மதிப் பக்கத்தில் தேடாதீர்கள்: சிம், டேட்டாப் பாக்கி, மின்னிணைப்பு. நேரம் புதியது, இடம் மட்டும் பழையது என்றால் அன்ரனா அல்லது நிலத்தடித் தரிப்பிடம். தரிப்பிடத்தில் நிற்கும் வண்டி இரவில் சில கிலோமீற்றர் ஓடியதாக அறிக்கை வந்தால் அது எதிரொலிப்பால் புள்ளி அலைந்ததன் கூட்டுத்தொகை. எஞ்சின் அணைந்திருக்கும்போது தூரத்தைக் கூட்டாத அமைப்பைப் போட்டு, எஞ்சின் சாவி வயரையும் இணைத்தால் அது நிற்கும்.

பழைய காரின் வழிகாட்டித் திரையில் திகதி இருபது வருடம் பின்னால் இருக்கிறது.

ஜி.பி.எஸ் பழைய முறையில் கிழமைகளை 0 முதல் 1023 வரைதான் எண்ணும். 1024 கிழமை, அதாவது சுமார் 19.6 ஆண்டு, முடிந்ததும் பூச்சியத்துக்குப் போகும். 1999 ஓகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி நடந்தது. அடுத்தது 2038 நவம்பர். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தங்கள் மென்பொருளில் வெவ்வேறு தொடக்க நாளை வைத்திருப்பதால் எல்லாக் கருவிகளும் அதே நாளில் தவறுவதில்லை. இடம் பெரும்பாலும் சரியாகவே காட்டும். மென்பொருள் புதுப்பிப்பு கிடைத்தால் தீரும், கிடைக்காவிட்டால் திருத்த வழியில்லை.

போனால் காணியை அளக்கலாமா?

கூடாது. ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். 10 பேர்ச் காணி சதுரமாக இருந்தால் பக்கம் 16 மீற்றர்கூட வராது. ஒவ்வொரு மூலையிலும் 5 மீற்றர் பிழை வரக்கூடிய கருவியால் அதை அளந்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை. மதில் கட்டவும் வழக்குப் பேசவும் பதிவு பெற்ற நில அளவையாளர்தான் வேண்டும். அவரும் செய்மதிக் கருவி பயன்படுத்தலாம், ஆனால் அவருடையது இடம் தெரிந்த ஒரு நிலையத்தின் திருத்தத்தை உடனுக்குடன் பெற்று அலையின் கட்டத்தையே (ஏற்ற இறக்கத்தில் அலை எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதை) அளக்கும் வகை; பிழை ஓரிரு சென்ரிமீற்றர். நில அளவைத் திணைக்களமே இப்படித் தொடர்ந்து இயங்கும் நிலையங்களின் வலையமைப்பு ஒன்றை வைத்திருக்கிறது.

பழைய வரைபட எண்களைப் போனில் போடும்போது இன்னொரு பொறி. 1999க்கு முந்திய வரைபடங்கள் கந்தவளை ஆதாரம் என்ற பழைய அளவீட்டு அடிப்படையில் அமைந்தவை. அதன் பாகைகளை அப்படியே போட்டால் புள்ளி 200 மீற்றருக்கு மேல் தள்ளி விழும். பீதுருதாலகாலையை மையமாகக் கொண்ட கட்ட எண்களிலும் இரு வகை உண்டு: பழையதில் மையத்துக்கு 200,000 மீற்றர், எஸ்.எல்.டி.99 என்ற புதிய ஆதாரத்தில் 500,000. கொழும்புக் கோட்டையின் கிழக்கெண் பழையதில் ஏறத்தாழ 100,000, புதியதில் ஏறத்தாழ 400,000. கிழக்கெண்ணின் அளவைப் பார்த்தாலே எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

இடம் சரி, ஆனால் அம்புக்குறி எதிர்ப்பக்கம் பார்க்கிறது.

நிற்கும்போது திசையைச் சொல்வது செய்மதி அல்ல, போனுக்குள் உள்ள காந்தத் திசைகாட்டி. காந்த உறையைக் கழற்றிவிட்டு, போனை எட்டு வடிவில் நாலைந்து தடவை காற்றில் சுழற்றுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் இருபது அடி நடந்து பாருங்கள். நகரத் தொடங்கியதும் போன் அடுத்தடுத்த இடங்களிலிருந்து திசையைத் தானே எடுத்துக்கொள்ளும்.